சரசு கொண்டுவந்த பாம்புச் சட்டை

நகைக்கடையில் கொடுப்பார்களே, ஜிப் வைத்த சின்னப் பர்ஸ், அதிலிருந்துதான் என் தங்கை சரசு அந்தப் பாம்புச் சட்டையை எடுத்தாள். பிய்ந்துவிடக் கூடாதே என்று பக்குவமாக மடித்து, வாழை இலைத் துண்டில் சுற்றி வைத்திருந்தாள். இலை வாடிச் சுருண்டிருந்தது. சட்டைக்கு ஒன்றும் ஆகவில்லை.

சாப்பாட்டு மேசையில் தோசைத் தட்டுகளை இன்னும் எடுத்து முடிக்கவில்லை. என் மனைவி வசந்தா சட்னிக் கிண்ணத்தைக் கையில் பிடித்தபடியே நின்றுவிட்டாள். எங்கள் வீட்டுக்குப் பாம்புச் சட்டை புதிதல்ல. வாரம் தவறாமல் யாராவது ஒருவர் கொண்டுவருவார். ஆனால் சரசு கொண்டுவருவாள் என்று நாங்கள் நினைக்கவில்லை.

"பாத்துச் சொல்லுங்கண்ணா. கட்டுவிரியன்தானுங்களே?"

கேள்விக்குள்ளேயே பதிலை வைத்துக் கேட்டாள். பள்ளிக்கூடத்தில் காலமெல்லாம் விலங்கியல் நடத்தியவன் நான். வாய்மொழித் தேர்வில் எதிரே நிற்கிற பிள்ளை என்ன சொன்னால் சந்தோஷப்படும் என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன். சரசுவின் முகத்தைப் பார்த்தபோது எனக்குப் பயமாக இருந்தது.

அதற்கு ஒரு மாதம் முன்னால் அவளுடைய ஒரே மகள் மேகலா செத்துப்போனாள். பாம்பு கடித்துச் செத்தாளா, மருந்து குடித்துச் செத்தாளா என்று யாருக்கும் தெரியாது. எங்கள் பக்கத்தில் மருந்து குடித்தாள் என்றால் என்ன மருந்து என்று யாரும் கேட்க மாட்டார்கள். பயிருக்கு அடிக்கிறது எல்லா வீட்டிலும் இருக்கிறது.

சட்டை வாத்தியார்

இந்தத் தொடரை நடுவில் இருந்து படிப்பவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நாமக்கல்லில் எனக்குச் 'சட்டை வாத்தியார்' என்று பெயர். நன்றாக உடுத்துவேன் என்பதற்காக வந்த பெயர் இல்லை; வசந்தாவைக் கேட்டால் அதற்கு நேர்மாறாகச் சொல்வாள்.

எங்கள் ஊர்க்காரர்களுக்குப் பாம்பைக் கண்டால் முதலில் அடிக்க வேண்டும், அப்புறம்தான் அது என்ன பாம்பு என்று கேட்க வேண்டும். தலை நசுங்கின பாம்புகளைச் சாக்கில் போட்டுப் பள்ளிக்கூட வாசலுக்கே கொண்டுவந்து கொட்டுவார்கள். ஒரு நாள் பொறுக்க முடியாமல் கத்தினேன். "அடிச்சுக் கொண்டாராதீங்க. அது உரிச்சுப் போட்ட சட்டை கெடச்சாக் கொண்டாங்க, அதை வெச்சே சொல்றேன்." கோபத்தில் சொன்னதுதான். ஊர் அதைப் பிடித்துக்கொண்டது.

சட்டையை வைத்துச் சொல்வது மந்திரமில்லை. பாம்பு தோலை உரிக்கும்போது காலுறையைக் கழற்றுவது போல உள்புறம் வெளியே வர உரித்துவிட்டுப் போகிறது. கிடைப்பது சின்ன வெங்காயத் தோல் மாதிரி ஒன்று. நிறம் இருக்காது, கோடு இருந்தால் மங்கலாகத் தெரியும். நீளத்தையும் நம்பக் கூடாது, உரியும்போது இழுபட்டு நீண்டிருக்கும். ஆனால் செதில் மாறாது. தலையில் இத்தனை, உதட்டோரம் இத்தனை, வாலுக்கு அடியில் ஒற்றையா இரட்டையா என்பதெல்லாம் அந்தத் தோலில் அச்சுப் போல விழுந்திருக்கும். தண்ணீரில் ஊறவைத்துக் கறுப்புத் துணியில் விரித்து லென்சை வைத்துப் பார்த்தால் போதும். கண்ணை மூடியிருந்த கண்ணாடிச் செதில்கூட ஒட்டிக்கொண்டு வந்திருக்கும்.

திருச்செங்கோட்டுப் பக்கத்து ரிக் முதலாளி ஒருவர் வந்தார். ஊர் ஊராகப் போய் போர்வெல் போடுகிற லாரி அவருடையது. மழைக்காலத்தில் நிறுத்தி வைத்திருந்த லாரிக்கு அடியில் ஒரு நீளமான சட்டை கிடைத்ததாம். நல்ல பாம்புச் சட்டை என்றால் கேபினில் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைக்கலாம், தொழில் பிய்த்துக்கொண்டு போகும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

நான் பார்த்துவிட்டுச் சாரை என்றேன்.

"சாரையாங்க?" என்றார், பெண் பார்க்க வந்த இடத்தில் வயதைக் குறைத்துச் சொன்னதைக் கண்டுபிடித்தவர் போல. "சரி சார். நீங்க வெளிய சொல்லிப்போடாதீங்க" என்று அதை எடுத்துப் போய்க் கேபினில்தான் வைத்தார். தொழில் நன்றாகத்தான் நடக்கிறது என்று கேள்வி.

அப்போது சிரித்தேன். மனிதர்கள் என்னிடம் பாம்பின் பெயரைக் கேட்க வருவதில்லை, தங்களுக்கு வேண்டிய பெயரை வாங்கிப் போக வருகிறார்கள் என்று வசந்தாவிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். சரசு அந்தப் பர்ஸைத் திறந்த நாளுக்குப் பிறகு அந்தக் கதையை யாரிடமும் சொன்னதில்லை.

நோம்பிக்கு வா

சரசுவுக்குக் குமாரபாளையம் பக்கம் வீடு. வீட்டை ஒட்டியே தறிக் கொட்டகை. மாப்பிள்ளை, அதாவது அவள் கணவர், மாரடைப்பில் போன பிறகு தறிகளை ஆட்களுக்கு விட்டுவிட்டு அவள் மேற்பார்வை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். மேகலாவை எருமப்பட்டிக்கு அந்தப்பக்கம் கோழிப்பண்ணை வைத்திருக்கும் குடும்பத்தில் கொடுத்திருந்தோம்.

கொடுத்திருந்தோம் என்று சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். நான் தாய்மாமன். என் மடியில் உட்கார வைத்துத்தான் அவளுக்குக் காது குத்தினார்கள். ஆசாரி குத்துவதற்கு முன்னாலேயே என் பெருவிரலைக் கடித்துப் புண்ணாக்கிவிட்டாள். அவ்வளவு ரோஷமான குழந்தை. கல்யாணத்துக்கு அப்புறம் அந்த ரோஷமெல்லாம் எங்கே போனது என்று எனக்குத் தெரியவில்லை, நான் கேட்கவும் இல்லை.

பண்ணை வீட்டில் புருஷனுக்கும் அவளுக்கும் ஒத்துப்போகவில்லை. பெரிய காரணம் ஒன்றும் கிடையாது, தினமும் ஒரு சின்னக் காரணம் இருந்தது. கை நீட்டினான் என்றும் சொல்கிறார்கள், இல்லை என்றும் சொல்கிறார்கள். இறப்பதற்கு முந்தின நாள் சாயங்காலம் மேகலா அம்மாவுக்கு ஃபோன் போட்டாள். பேசியதைச் சரசு எங்களிடம் ஒரு வார்த்தை விடாமல் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாள்.

"அம்மா, நா அங்க வாரேம்மா."

"மாப்பிள்ளையும் வாராருங்களா சாமி?"

"இல்லம்மா. நா மட்டும் வாரேன்."

அடுத்த வாரம் சரசு ஊரில் மாரியம்மன் நோம்பி, திருவிழா. கட்டிக் கொடுத்த பெண்ணை மாப்பிள்ளையோடு முறையாகப் போய் அழைக்க வேண்டும், இரண்டு பேரும் சேர்ந்து வர வேண்டும். அழைப்பதற்கு முன்னால் பெண் மட்டும் பையைத் தூக்கிக்கொண்டு வந்து இறங்கினால் தெருவில் உள்ள எல்லா வாய்க்கும் பதில் சொல்ல வேண்டும். சரசு தனியாக வாழும் பெண், ஊர் வாய்க்கு ரொம்பப் பயந்தவள்.

"இப்ப வேண்டாங் கண்ணு. ஒரு வாரம் பொறுத்துக்க. நோம்பிக்கு மாப்பிள்ளையக் கூட்டிக்கிட்டு வா, பேசிக்கலாம்."

மேகலா "செரிம்மா" என்று சொல்லி வைத்துவிட்டாள். அழவில்லை, கோபப்படவில்லை. அதுதான் சரசுவைக் கொல்கிறது.

அன்றைக்கு ராத்திரி புழுக்கம். புருஷனோடு சண்டை போட்டுக்கொண்டு மேகலா பாயை எடுத்துப் போய், தீவன மூட்டை அடுக்கியிருக்கும் அறையை ஒட்டின வராந்தாவில் தரையில் படுத்திருக்கிறாள். விடியும்போது வயிற்று வலி, வாந்தி. மாமியார் இஞ்சி தட்டிக் கொடுத்தாராம். பிறகு கண் இமை தானாக மூடிக்கொண்டது, பேச்சு குழறியது. காரில் போட்டு நாமக்கல்லுக்குக் கொண்டு வருவதற்குள் மூச்சு நின்றுவிட்டது.

அறுக்க விட மாட்டேன்

கொண்டு போன ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, உயிர் இல்லை, கல்யாணமாகி அதிக நாள் ஆகாத பெண், அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள், போலீசுக்குச் சொல்ல வேண்டும், பிரேதப் பரிசோதனை செய்ய வேண்டும் என்றார்கள். பண்ணைக்காரர்கள் காரைத் திருப்பிக்கொண்டு ஊருக்கே போய்விட்டார்கள்.

நான் கோடித் துணியோடு போய்ச் சேர்ந்தபோது அவளைக் குளிப்பாட்டி முடித்திருந்தார்கள். பிறந்த வீட்டுக் கோடி வராமல் பெண்ணைத் தூக்க மாட்டார்கள். அதனால் எல்லோரும் எனக்காகத்தான் காத்திருந்தார்கள்.

துணியைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னேன். "ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போலாம். என்னன்னு தெரியாம எரிக்கக் கூடாது."

பண்ணைக்காரர்கள் எதிர்ப்பார்கள் என்று எதிர்பார்த்தேன். அவர்கள் வாய் திறக்கவில்லை. சரசுதான் எழுந்து வந்தாள்.

"எம் புள்ள மேல கத்தி படக் கூடாது. அறுத்து, மூட்டையாக் கட்டிக் குடுப்பாங்க. நீங்க படிச்சவங்க, உங்களுக்கு எல்லாம் தவக்களதான். அவ தவக்களை இல்லீங்கண்ணா!"

பெண்கள் எல்லோரும் அவளோடு சேர்ந்து அழுதார்கள். பெரியவர் ஒருவர் என் தோளில் கை வைத்து, "பொழுது சாயுது, கோடியப் போடுங்க" என்றார். இரண்டு குடும்பமும் சேர்ந்து ஒன்றைச் செய்ய நினைத்துவிட்டால் அங்கே தாய்மாமன் வெறும் துணி கொண்டுவருகிறவன்தான். போட்டேன். பொழுது இறங்குவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

பெண்ணை அறுக்கவிடாமல் காப்பாற்றிவிட்டோம் என்ற நிம்மதியோடு எல்லோரும் கலைந்தார்கள். காருக்கு நடந்து வரும்போதே பின்னால் பேச்சு கேட்டது. "மருந்துதான். அம்மாக்காரி வர வேண்டாமுன்னு சொல்லிப்போட்டாளாமா." சரசு என் பக்கத்தில்தான் நடந்து வந்தாள். அவளுக்கும் கேட்டது.

லென்சுக்குக் கீழே

அப்படி ஒரு மாதம் போன பிறகுதான் அந்தப் பர்ஸோடு எங்கள் வீட்டுக்கு வந்தாள். மகளுடைய துணிமணிகளை எடுத்துவரப் பண்ணை வீட்டுக்குப் போயிருக்கிறாள். யாரும் பார்க்காத சமயத்தில் தீவன அறைக்குள் போய் மக்காச்சோள மூட்டைகளை ஒவ்வொன்றாக நகர்த்தியிருக்கிறாள். சுவரோரம் இது கிடந்தது.

எரித்த பிறகு அந்தக் குழந்தையைப் பற்றிச் சாட்சி சொல்ல உலகத்தில் மிச்சம் இருந்தது இந்தத் தோல் ஒன்றுதான். எனக்கே அப்படித் தோன்றியது.

பேசினில் தண்ணீர் பிடித்து ஊறப் போட்டேன். சரசு மேசையை விட்டு நகரவில்லை. மெதுவாக விரித்தேன். ஒல்லியான பாம்பு. முதுகில் மங்கலாகக் குறுக்குப் பட்டைகள் தெரிந்தன. கட்டுவிரியனுக்கும் அப்படித்தான் பட்டை இருக்கும். ஆள் தூங்கும்போது பாய்க்கு வந்து கடிக்கும், கடித்தது தெரியாது, பல் பட்ட இடத்தைத் தேடினாலும் கிடைக்காது. விடியும்போது வயிற்று வலி வரும், இமை தொங்கும். மேகலாவுக்கு வந்தது எல்லாம் அதற்குப் பொருந்தும். கட்டுவிரியன் என்று சொல்லிவிட வேண்டும் என்று நானும் ஆசைப்பட்டேன்.

லென்சை வைத்தேன். கட்டுவிரியனுக்கு முதுகின் நடுவரிசைச் செதில் மட்டும் பெரிதாக, ஆறு பக்கத்தோடு இருக்கும். இதில் எல்லாம் ஒரே அளவு. வாலுக்கு அடியில் கட்டுவிரியனுக்கு ஒற்றைச் செதில். இதில் இரண்டு இரண்டாக இருந்தது. வெள்ளிக்கோல் வரையன். ஓட்டு வீட்டில் பல்லி பிடித்துத் தின்று திரிகிற சாதுவான பாம்பு. கட்டுவிரியன் என்று நினைத்தே எங்கள் ஊரில் பாதி வரையன்களை அடித்துக் கொல்கிறார்கள்.

"என்னங்கண்ணா?"

"இது கடிச்சு ஆள் சாகாது, சரசு."

"இன்னொருக்காப் பாருங்க."

பார்த்தேன். பார்க்காமலேயே தெரியும், இருந்தாலும் பார்த்தேன். வசந்தா வந்து அவள் பின்னால் நின்றுகொண்டாள்.

"அப்ப எம் புள்ள மருந்துதான் குடிச்சாளாண்ணா? நா வர வேண்டாமுன்னு சொன்னதுக்கா?"

"அது இந்தச் சட்டைக்குத் தெரியாது சாமி. இந்தப் பாம்பு அங்க இருந்துச்சுன்னு மட்டுந்தான் இது சொல்லும். கட்டுவிரியனும் இருந்திருக்கலாம். கோழிப்பண்ணையில எலிக்கா பஞ்சம்? எலி இருந்தா அதைத் திங்கறதும் இருக்கும், அதைத் திங்கறதைத் திங்கறதும் இருக்கும்."

இமை தொங்கியதையும் குரல் குழறியதையும் எடுத்துச் சொல்லி, பாம்பாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம் என்றேன். ஆறுதலுக்காக மட்டும் சொன்னதில்லை, அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் நினைப்பதற்கும் தெரிவதற்கும் நடுவில் ஒரு பெண்ணின் உடம்பு இருந்தது, அதை எரித்துவிட்டோம். இதைச் சொல்லவில்லை. சொல்லாமலே அவளுக்குப் புரிந்தது.

அப்புறம் ஒன்று கேட்டாள். "கட்டுவிரியன் சட்டைன்னா எப்படிங்கண்ணா இருக்கும்?"

பேச்சு வேறு பக்கம் திரும்புகிறதே என்று எனக்கு நிம்மதி. புத்தகத்தை எடுத்துப் படத்தைக் காட்டினேன். நடுவரிசை, வால் அடி, எல்லாம் விளக்கினேன். லென்சைக் கையில் கொடுத்தேன். கடைசி வரிசையில் உட்கார்ந்து ஒழுங்காகப் படிக்காத என் தங்கை, அன்று ஒரே தடவையில் எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டாள்.

இரண்டாவது சட்டை

கொஞ்ச வாரம் கழித்து மறுபடி வந்தாள். ஃபோன் பண்ணாமல் பஸ் ஏறி வந்திருந்தாள். எண்ணெய் வைத்துத் தலை சீவியிருந்தாள். மேகலா போன பிறகு அவளை அப்படிப் பார்த்ததே இல்லை. வசந்தா என்னைப் பார்த்துக் கண்ணாலேயே சந்தோஷப்பட்டாள்.

அதே பர்ஸ்.

"இப்பப் பாருங்கண்ணா. நடுவுல பெருசா இருக்குதுங்களா? வாலுக்கு அடியில ஒத்தையா இருக்குதுங்களா? நானே பாத்துப்போட்டேன். உங்க வாயால ஒருக்காச் சொல்லுங்க."

கைகளைக் கழுவிவிட்டுப் பேசினை எடுத்து வந்தேன். ஊற வைக்கும் முன்பே தெரிந்துவிட்டது. முதுகின் நடுவில் பெரிய செதில்கள் வரிசையாக ஓடின. வாலைத் திருப்பினேன். ஒற்றை.

"கட்டுவிரியன்தான்" என்றேன்.

சரசு நாற்காலியில் அப்படியே சரிந்து உட்கார்ந்து அழுதாள். மகளை எரித்த அன்றுகூட அப்படி அழவில்லை. வசந்தா அவள் தலையை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள். அழுகையின் நடுவிலேயே சரசு சிரித்தாள்.

"எங்க கெடைச்சுது?" என்று கேட்டேன்.

"அங்கதானுங்க. அதே தீவன ரூம்புல. அக்கட்டால மூலையில." முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அண்ணா, அவ மாமனாருக்கு ஃபோன் போட்டுச் சொல்லிப்போடுங்க. நம்ம பங்காளிக எல்லாத்துக்கும் சொல்லுங்க. நாஞ் சொன்னா நம்ப மாட்டாங்க. சட்டை வாத்தியாரு சொன்னா நம்புவாங்க."

ஃபோனைக் கையில் எடுத்தேன். பெரிய சந்தோஷம் எனக்கு. இத்தனை வருடம் படித்ததற்கு இன்றைக்குத்தான் பலன் என்றுகூட நினைத்தேன்.

எடுத்த ஃபோனை வைத்துவிட்டு, முதலில் சட்டையைப் பத்திரப்படுத்தலாம், நாலு பேர் பார்க்கக் கேட்பார்கள் என்று அதைத் தண்ணீரில் போட்டு அலசினேன். மடிப்புகள் பிரிந்தன. உள்ளே இருந்து தூசி கழன்று வந்து தண்ணீரில் மிதந்தது. அது தூசி இல்லை. பஞ்சு. ரோஸ் கலர் பஞ்சு.

பேசின் தண்ணீர்

கோழிப்பண்ணையில் தவிட்டுத் தூசி இருக்கும், இறகு இருக்கும், நாற்றம் இருக்கும். ரோஸ் பஞ்சு இருக்காது. சரசுவின் தறிக் கொட்டகையில் அந்த வருடம் முழுக்க ரோஸ் கலர் துண்டுதான் ஓடிக்கொண்டிருந்தது. அவள் வீட்டில் ஜன்னலில், சீலையில், தலைமுடியில், சோற்றில்கூட அந்தப் பஞ்சு இருக்கும். போன தடவை அவள் வீட்டில் சாப்பிட்டபோது ரசத்தில் இருந்து எடுத்துப் போட்டேன்.

சட்டை கட்டுவிரியனுடையதுதான். கிடைத்த இடம் எருமப்பட்டி இல்லை, என் தங்கையின் வீடு.

சொல்லாமல் இருந்துவிடலாம். பாம்பின் பெயரில் நான் பொய் சொல்லவில்லை. அவள் முகத்தில் வந்திருக்கும் வெளிச்சத்தை அணைக்க யாருக்கு மனம் வரும்? ஆனால் அந்தப் பாம்பு செத்துப்போய்விடவில்லை. உரித்துப் போட்டுவிட்டுப் பக்கத்தில் எங்கேயோதான் இருக்கும். வீட்டில் அவள் தனியாகப் படுக்கிறாள். சொல்லாவிட்டால் தங்கை சாகலாம். சொன்னால், மகள் பாம்பு கடித்துத்தான் செத்தாள் என்று அவள் பிடித்துக்கொண்டிருக்கும் ஒரே கயிறும் அறுந்துபோகும்.

பேசினை அவள் பக்கம் நகர்த்தினேன்.

"சரசு, இது உங்க ஊட்டுச் சட்டை."

அவள் தண்ணீரைப் பார்த்தாள். வசந்தாவுக்கு ஒன்றும் புரியவில்லை, இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"உங்க ஊட்டுக்குள்ள கட்டுவிரியன் இருக்குது. கொன்னுபோடுஞ் சாமி. நீ கீழ படுக்காத. இன்னைக்கே ஆளக் கூட்டிட்டு வந்து..."

"தெரியுமுங்கண்ணா."

பேசினை விட்டுக் கையை எடுத்தேன்.

"பாயச் சுருட்டயில கெடந்துச்சுங்க. தலமாட்டுல. ஒரு வாரத்துக்கு மேல ஆச்சு."

"தெரிஞ்சுமா கீழயே படுக்கற?"

"ஆமாங்க."

வசந்தா வாயைப் பொத்திக்கொண்டாள். சரசு சட்டையைத் தண்ணீரில் இருந்து எடுத்து, கைக்குழந்தையின் துணியைப் பிழிவது போல மெதுவாகப் பிழிந்தாள். குரலில் அழுகை இல்லை, ரொம்ப நாளாக யோசித்து முடித்த ஒன்றைச் சொல்வது போலச் சொன்னாள்.

"என்னையக் கடிச்சுதுன்னு வெய்ங்க. விடியால வயித்து வலி வரும், கண்ணு சொருகும், பேச்சு கொழறும். அவளுக்கு வந்த மாதிரியே. அத நாலு பேரு பாப்பாங்க. பாத்தா, ஓ, அந்தப் புள்ளைக்கும் இதுதான், மருந்தில்லீன்னு ஊருக்குத் தெரியுமல்லங்க. என்னைய அறுத்தாலுஞ் செரி. அறுக்கச் சொல்லிப்போடுங்க."

நான் கோபக்காரன். மாணவர்கள் முதல் மந்திரி வரை யாரையும் திட்டத் தயங்காதவன். அன்று மேசையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அழுது முடித்துப் பார்த்தபோது அவள்தான் என் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள்.

எழுதுவதற்கு முன்

அன்றைக்கே அவளோடு போனோம். பாம்பு பிடிக்கத் தெரிந்த ஆளைக் கூட்டிப் போனோம். வீடு, தறிக் கொட்டகை, நூல் மூட்டை, குளியலறை எல்லாவற்றையும் புரட்டினோம். பாம்பு கிடைக்கவில்லை. சுவர் ஓட்டைகளைச் சிமெண்டால் அடைத்தோம். உயரமான கட்டில் ஒன்று வாங்கிப் போட்டு, கொசுவலை கட்டி, வலையை மெத்தைக்கு அடியில் எப்படிச் செருக வேண்டும் என்று வசந்தா காட்டிக் கொடுத்தாள். பாயை நான் எடுத்து வந்துவிட்டேன். பாய் ஒன்றும் கிடைக்காத பொருள் இல்லை என்பது எனக்கும் தெரியும்.

எங்களோடு வந்து இரு என்று கெஞ்சினோம். "தறி ஓடுதுங்களே, யாரு பாப்பாங்க" என்று ஒரே பதில். மனநல மருத்துவரிடம் கூட்டிப் போனோம். மாத்திரை கொடுத்திருக்கிறார். சாப்பிடுகிறேன் என்கிறாள். மாதம் தவறாமல் போய்ப் பார்த்துவிட்டு வருகிறோம். ஒவ்வொரு தடவையும் இன்னும் கொஞ்சம் இளைத்திருக்கிறாள்.

பண்ணை வீட்டில் மருமகன் வேறு கல்யாணம் செய்துகொண்டான். ஊர் மேகலாவை மறந்துவிட்டது. மருந்தா பாம்பா என்று இப்போது கேட்பதற்கும் ஆள் இல்லை. அந்தக் கேள்வியோடு உட்கார்ந்திருப்பது சரசு ஒருத்திதான். அவளுக்குப் பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை, இனி வரப்போவதும் இல்லை.

இதை எழுதலாமா என்று அவளிடம் கேட்டேன். பெயரை மாற்றித்தான் எழுதுவேன் என்றேன்.

"எழுதுங்கண்ணா. எம் பேரப் போட்டாலும் பரவால்ல. ஆனா பாம்புன்னே எழுதுங்க."

எழுத உட்கார்ந்த பிறகு நாலைந்து தடவை அந்த வாக்கியத்தை எழுதிப் பார்த்தேன். பாம்பு கடித்துத்தான் என் மருமகள் இறந்தாள் என்று. ஒவ்வொரு தடவையும் அடித்துவிட்டேன். தெரியாததைத் தெரியும் என்று எழுதக் கை வரவில்லை. இந்த இதழை அவள் பார்ப்பாள். அண்ணன் இதைக்கூடச் செய்யவில்லையே என்று நினைப்பாள். நினைக்கட்டும், அல்லது நினைக்காமல் இருக்கட்டும், நான் என்ன செய்ய?

தினமும் சாயங்காலம் விளக்கு வைத்ததும் அவளுக்கு ஃபோன் போடுகிறேன். பின்னால் தறிச் சத்தம் கேட்கும். சாப்பிட்டாயா என்பேன், சாப்பிட்டேன் என்பாள். வேறு பேச்சு எங்களுக்குள் அதிகம் இல்லை.

"கட்டில்லதான படுக்கற, சரசு?"

"ஆமாங்கண்ணா. கட்டில்லதானுங்க."

அவள் சொல்வதைக் கேட்டு ஃபோனை வைத்துவிடுகிறேன். வசந்தா என்னைப் பார்த்து, என்ன சொன்னாள் என்று கேட்பாள். கட்டிலில்தானாம் என்பேன்.